மச்சானைத் தடுக்க ஒரு காதுகுத்து

போன ஆடி மாசம் நான் ஒரு சபதம் எடுத்தேன். என் உடம்புல உசிரு இருக்கற வரைக்கும் என் மச்சான் அருணகிரியை மறுபடியும் எங்க டீமுக்கு மேனேஜராக விடமாட்டேன்!

சபதத்தைப் பாத்ரூமுக்குள்ள வெச்சுத்தான் எடுத்தேன். தண்ணிக் குழாயைத் திறந்து விட்டுட்டுத்தான் எடுத்தேன். ஏன்னா அருணகிரி என் சம்சாரத்தோட கூடப்பொறந்த அண்ணன். அவரோட குறைகளை நான் பேசலாம். அதுக்கு அவ பழகிட்டா. ஆனா சபதம் கிபதம்னு காதுல விழுந்தா அடுத்த வேளை சோறு எப்படி இருக்கும்னு சொல்ல முடியாது.

என்னைப் பத்தி ரெண்டு வார்த்தை. பேரு பூபதி. மோகனூர்ல லாரிக்குத் தார்ப்பாய் தைக்கற கடை வெச்சிருக்கேன். தொழில் தார்ப்பாய், உசிரு கால்பந்து. எங்க ஊர் 'காவேரி ஃப்ரெண்ட்ஸ்' டீமோட ஆட்டத்தை நான் ஒண்ணுகூட விட்டது கிடையாது. கமிட்டியிலயும் இருக்கேன். நான் ஒரு நாளும் பந்தைக் காலால தொட்டதில்ல. அதனாலதான் எனக்கு ஆட்டம் நல்லாத் தெரியும். ஆடறவன் பந்தைத்தான் பார்ப்பான். நான் தப்பைப் பார்ப்பேன்.

மச்சான் ஆளு தங்கம். அதை எங்க வேணும்னாலும் சொல்லுவேன், கிரவுண்டுக்கு வெளிய. அவருக்குத் தொழில் போர் போடற ரிக் வண்டி. பாதி இந்தியாவுக்குத் தண்ணி காட்டினவரு. அதே வேகத்துல எங்க டீமுக்கும் தண்ணி காட்டிட்டாரு.

எங்க பக்கம் போர் போடறதுக்கு முன்னாடி உள்ளங்கையில தேங்காயை வெச்சுக்கிட்டு நிலத்துல நடப்பாங்க. நீரோட்டம் இருக்கற இடத்துல தேங்காய் எந்திரிச்சு நிக்கும்னு ஒரு நம்பிக்கை. அது நிலத்துக்கு. மச்சான் அதைக் கிரவுண்டுல செஞ்சாரு. டாஸ் ஜெயிச்சா எந்தப் பக்கம் எடுக்கறதுன்னு தேங்காய் வெச்சுப் பார்த்த மேனேஜர் உலகத்துலயே இவரு ஒருத்தர்தான். ரெஃப்ரி வாயில இருந்த விசிலு கீழ விழுந்துருச்சு. ஒரு பக்கத்து கோல் போஸ்ட்டுக்கு முன்னாடி போனதும் தேங்காய் விறுக்குனு எந்திரிச்சுது. "இங்கதான் ஊத்துக்கண்ணு இருக்குது. இதையே நம்ம பக்கமா எடுத்துக்கலாம்"னாரு. ஊத்துக்கண்ணு இருந்தது வாஸ்தவம். அன்னைக்கு அஞ்சு கோல் ஊத்துச்சு.

அடுத்தது ஆளை மாத்தற லட்சணம். ஆடற பையனுக்கு வேர்த்தா மச்சானுக்குப் பொறுக்காது. எங்க டீம்ல சிவபிரகாஷ்னு ஒரு பையன். குதிரை மாதிரி ஓடுவான். ஓடறவனுக்குத்தானே வேர்க்கும்? "சாமி, ஓடினது போதும், வந்து உக்காரு"ன்னு அவனை வெளிய எடுத்து, மோர் ஊத்திக் குடுத்துத் துண்டால விசிறி விடுவாரு. மர நிழலோரமா சும்மா நிக்கறவன் கடைசி விசில் வரைக்கும் ஆடுவான்.

மேட்டூர் டோர்னமென்ட் ஃபைனலைச் சொன்னா எனக்கு இன்னும் வயிறு எரியும். இடைவேளை வரைக்கும் நாம ஒண்ணு, அவங்க சைபர். அந்த நேரத்துல பசங்களுக்கு ரோசம் வர்ற மாதிரி நாலு வார்த்தை பேசணுமா இல்லையா? மச்சான் மத்தியப் பிரதேசத்துல பாறை ஒடைச்ச கதையை ஆரம்பிச்சாரு. பாறை ஒடையறதுக்குள்ள ரெஃப்ரி விசிலடிச்சுட்டாரு. பசங்க எந்திரிச்சு ஓடினாங்க. எங்க கோல்கீப்பர் மட்டும் பாதி வழியில திரும்பி, "அப்புறம் என்னாச்சுங்கண்ணா?"ன்னு கேட்டான். பந்து உள்ள போயிருச்சு. அப்புறம் அதுவே வழின்னு இன்னும் ரெண்டு போச்சு.

அதோட, "எனக்குக் கொஞ்சம் ஓய்வு வேணும்"னு மச்சான் தானா விலகிட்டாரு. கருப்பணசாமிக்குச் சூடம் ஏத்தினேன். பள்ளிக்கூடத்து பி.டி. வாத்தியார் ஒருத்தர் மேனேஜரானாரு. ஒரு வருசம் டீம் டீமா இருந்துச்சு. நான்தான் நிம்மதியா இல்ல. விலகின மனுசன் ஞாயித்துக்கிழமை ஆனா எங்க ஊட்டுக்கு வந்து உக்காந்துக்குவாரு. நான் அந்த ஃபைனலை ஆரம்பிப்பேன். அவரு பாறையை ஆரம்பிப்பாரு.

இப்படி இருக்கறப்பத்தான் ஆடி மாசம் ஒரு நாள் சாயங்காலம், கிளப் தலைவர் பச்சமுத்தண்ணன் காம்பவுண்டு சுவத்து மேல தலையை நீட்டினாரு. அவரு எங்க பக்கத்து ஊடு.

"பூபதி, வாத்தியாருக்கு ஆத்தூருக்கு மாத்தலாயிருச்சப்பா."

"ஐயையோ! அப்ப மேனேஜரு?"

"அருணகிரியவே மறுக்கா கூப்பிடலாம்னு எல்லாத்துக்கும் ஆசை."

"எல்லாத்துக்கும்னா ஆருக்குங்க?"

"எனக்கு."

"அண்ணா, அந்தத் தேங்காய்..."

"தேங்காய் அவரு காசுல வாங்கறதுதானே? பசங்களுக்கு மோரு அவரு செலவு, வண்டி அவரு செலவு. வாத்தியார் வந்து எனக்கு ஒரு டீ வாங்கித் தந்திருப்பாரா? ஆவணி ரெண்டாவது ஞாயித்துக்கிழமை பத்து மணிக்குக் கூட்டம். விதி தெரியுமல்ல? வரப்போறவரு நேர்ல நின்னு ஒத்துக்கோணும். கமிட்டியில ஒரு கை எதிர்ப்புன்னு தூக்கினாலும் பதவி இல்ல."

ஒரு கை போதும். அந்தக் கை என் தோள்லயே தொங்குது. ஆனா அதைத் தூக்கிட்டு ஊட்டுக்கு எப்படிப் போறது? பொண்டாட்டியோட அண்ணனுக்கு எதிரா ஊரறியத் தூக்கின கைக்கு அவ சோறு போடுவாளா? ஆகவே, கையையும் தூக்கக் கூடாது, மச்சானும் வரக் கூடாது. அதுக்கு ஒரே வழி, கூட்டத்தன்னைக்கு மச்சான் ஊர்லயே இருக்கக் கூடாது.

என்ன பண்ணலாம்னு திண்டாடிக்கிட்டு உள்ள வந்தேன். என் மக கனிஷ்கா தரையில உக்காந்து என் செருப்பைக் கடிச்சுக்கிட்டு இருந்தா. மூணு வயசு. செருப்பைப் புடுங்கறப்பத்தான் அவ காதைப் பார்த்தேன். ஓட்டை இல்லாத காது!

என் தலைக்குள்ள மணியடிச்சுது.

எங்கள்ல புள்ளைக்கு மொட்டை போட்டுக் காது குத்தறது கொலசாமி கோயில்ல. அதுவும் தாய்மாமன் மடியில உக்கார வெச்சுத்தான் குத்தணும். மாமன் மடி இல்லாம ஆசாரி ஊசியையே எடுக்க மாட்டாரு. எங்க கொலசாமி கருப்பணசாமி இருக்கறது மேட்டூருக்கு மேக்கால, ஒரு கரட்டு மலை அடிவாரத்துல. காலையில போனா, கிடா வெட்டி, பந்தி போட்டுத் திரும்பறதுக்குப் பொழுது எறங்கிரும். மோகனூர்ல கூட்டம் நடக்கறப்ப மச்சான் மேட்டூர்ல மடியில புள்ளையோட உக்காந்திருப்பாரு. எனக்கு நானே கை குடுத்துக்கிட்டேன்.

காலண்டரும் கையுமா அடுப்படிக்குப் போனேன். என் சம்சாரம் தெய்வநாயகி மாவு கரைச்சுக்கிட்டு இருந்தா.

"தெய்வா, நம்ம புள்ளைக்குக் காது குத்திரலாமா?"

கரைக்கறதை நிறுத்திட்டா.

"ஏனுங்க, என்ன சொன்னீங்க?"

"காது. குத்திரலாம்னு."

"ரெண்டு வருசமா நான் கேக்கறேன். கேட்டப்பல்லாம் தார்ப்பாய் சீசன்னீங்க."

"அதான், மழைக்கு முந்தி முடிச்சுட்டா..."

"அது புள்ளையோட காதுங்க. லாரி இல்ல."

"அட, உங்கண்ணன் மடியில அவ உக்காந்திருக்கற அழகைப் பார்க்கோணும்னு ஆசையா இருக்குது தெய்வா. அவரை மாதிரி ஒரு தாய்மாமன் ஆருக்குக் கெடைக்கும்?"

அவ மாவுக் கையோட புறங்கையால என் நெத்தியைத் தொட்டுப் பார்த்தா.

"காச்சல் இல்லையே. என்னைக்குங்க நாளு?"

"ஆவணி ரெண்டாவது ஞாயிறு. அருமையான முகூர்த்தம். அதை விட்டா தைக்குத்தான்."

"நீங்களே பார்த்தீங்களா?"

"நானே பார்த்தேன்."

என்னை ஒரு தடவை பார்த்தா. காலண்டரை ஒரு தடவை பார்த்தா. "சரீங்க"ன்னா.

அங்கயே நான் சுதாரிச்சிருக்கணும். ஒரு டம்ளர் வாங்கறதுக்கே ஒம்பது கேள்வி கேக்கறவ, ஒரே வார்த்தையில சரீங்கன்னா அதுக்கு என்ன அர்த்தம்? நான்தான் ஜெயிச்ச மப்புல இருந்தேனே. தேங்காய் இல்லாமயே ஊத்துக்கண்ணைக் கண்டுபிடிச்ச மாதிரி மெதந்தேன்.

"ஆனா செய்யறதுன்னா ஒழுங்காச் செய்யோணுமுங்க"ன்னா.

"செஞ்சிரலாம்."

"கிடா?"

"ஒண்ணு வெட்டிரலாம்."

"ஒண்ணா? ஒறம்பரை, சொந்தபந்தம்னு சனம் எத்தனை பேரு இருக்குது? எலும்பைப் போட்டா அனுப்பறது?"

"சரி, ரெண்டு."

"எல்லாத்தையும் கூட்டிட்டுப் போக பஸ்ஸு?"

"வேன் பத்தாதா?"

"எங்கண்ணன் மடியில என் புள்ளை உக்கார்றதை நாலு சனம் பார்க்க வேண்டாமுங்களா? ஆசைன்னு நீங்கதான சொன்னீங்க?"

"பஸ்ஸு! பஸ்ஸே வெச்சுக்க! ஆரை வேணும்னாலும் கூப்பிட்டுக்க!"

இந்தக் கடைசி வாக்கியத்தை என் வாயாலயே சொன்னேன். அதை நினைச்சா இன்னைக்கும் என் வாயிலயே போட்டுக்கலாம்போல இருக்குது.

அடுத்த நாளே வெத்தலைத் தட்டத்தோட ரெண்டு பேரும் மச்சான் ஊட்டுக்குப் போனோம். ரெண்டு தெரு தள்ளித்தான் ஊடு. தேதியைச் சொன்னதும் மச்சான் முகம் சுருங்கிருச்சு.

"மாப்ளே... அன்னைக்குக் காலையில கிளப்புல ஒரு கூட்டம். பச்சமுத்து வரச் சொல்லியிருந்தாரு."

"அப்படியா மச்சான்? அடடா! எனக்கு ஞாபகமே இல்லியே! ஐயரு வேற இந்த நாளை விட்டா தைக்குத்தான்னு சொல்லிட்டாரு. புள்ளை வேற தெனமும் மாமா மடி, மாமா மடின்னு..."

புள்ளைக்கு அப்பத்தான் பேச்சே ஒழுங்கா வருது. மச்சான் அதையெல்லாம் யோசிக்கற ஆளு இல்ல. கண்ணு கலங்கிருச்சு.

"என்ற மருமவளை விடக் கூட்டம் பெருசா மாப்ளே? மேனேஜர் பதவி கெடக்குது கழுதை. நான் வாரேன்."

அவரு கையைப் புடிச்சுக்கிட்டு நானும் கொஞ்சம் கண்ணு கலங்கினேன். சந்தோசத்துல தானா வந்துருச்சு. கெளம்பறப்ப தெய்வா மட்டும், "நீங்க வண்டியை எடுங்க, அண்ணன்கிட்ட ஒரு வார்த்தை சொல்லீட்டு வாரேன்"ன்னு உள்ள போனா. சீர் விசயமா இருக்கும்னு நான் வெளிய நின்னு விசிலடிச்சுக்கிட்டு இருந்தேன்.

சனிக்கிழமையே கிடா ரெண்டையும், சமையக்காரரையும், பாத்திரத்தையும் டெம்போவுல ஏத்திக்கிட்டு நான் கோயிலுக்குப் போயிட்டேன். தெய்வா, புள்ளை, மச்சான், ஒறம்பரை எல்லாரும் மறுநாள் காலையில பஸ்ஸுல வர்றதா ஏற்பாடு. ஞாயித்துக்கிழமை காலையில கோயில் வாசல்ல பட்டு வேட்டியோட நின்னேன். மேட்டூர் பக்கத்துக் காத்து சும்மா ஜிலுஜிலுன்னு வீசுச்சு. இந்நேரம் மோகனூர்ல பச்சமுத்தண்ணன் ஆளில்லாத நாற்காலியைப் பார்த்துக்கிட்டு உக்காந்திருப்பாருன்னு நினைச்சேன். தனியாச் சிரிச்சேன். கிடாகூட என்னை ஒரு மாதிரியாப் பார்த்துச்சு.

பஸ் வந்து நின்னுது. கதவு தொறந்துச்சு. முதல்ல எறங்கினது ஒரு ஃபுட்பால்.

உருண்டு வந்து என் காலடியில நின்னுது. அதுக்குப் பின்னாடியே சிவபிரகாஷ் குதிச்சான். அவனுக்குப் பின்னாடி கோல்கீப்பர். அப்புறம் மொத்த டீமும், நீல ஜெர்சியோட. அப்புறம் கமிட்டி. கடைசியா கிளப் பேனரைக் கக்கத்துல வெச்சுக்கிட்டு பச்சமுத்தண்ணன். பின்னாடியே அவரு சம்சாரம் ஜோதியக்கா, என் புள்ளையைத் தூக்கிக்கிட்டு.

"என்னங்கண்ணா இது? இன்னைக்குக் கூட்டமாச்சே?"

"கூட்டந்தானே? எங்க ஒக்காந்தாலும் கூட்டந்தான். உன்ற சம்சாரம் ஊடு ஊடா வந்து கூப்பிட்டுது. ரெண்டு கிடான்னுது. மோகனூர்ல வெறும் டீயைக் குடிச்சுப்போட்டு எதுக்குப் பேசோணும்? இங்கயே வெச்சுக்கலாம்னு தீர்மானம் போட்டாச்சு."

தெய்வாவைத் தேடினேன். பட்டுச் சேலையில கடைசியா எறங்கினா. "ஏனுங்க, ஆரை வேணும்னாலும் கூப்பிடச் சொன்னீங்களல்லங்க?"ன்னா. முகத்துல ஒண்ணுமே இல்ல. அவ்வளவு வெள்ளந்தியா ஒரு முகத்தை நான் பார்த்ததே கிடையாது.

சரி, பூபதி, இன்னும் தோத்துப் போகலன்னு என்னை நானே தேத்திக்கிட்டேன். ஒரு கை இருக்குதல்ல? வேற வழியே இல்லைன்னா தூக்கிர வேண்டியதுதான். சோறு போனாப் போகுது, டீம் முக்கியம். அந்த நிமிசம் எனக்கு நிஜமாவே வீரம் வந்துருச்சு.

காதுகுத்து ஆரம்பிச்சுது. மொட்டைத் தலையோட கனிஷ்கா மாமன் மடியில கம்பீரமா உக்காந்துக்கிட்டா. ஆசாரி ஒரு காதைக் குத்தினாரு. புள்ளை அழல. மச்சான் அழுதாரு.

"போதுங்க ஆசாரி, நிறுத்துங்க! புள்ளைக்கு எப்படி வேர்த்துருச்சு பாருங்க! ஒரு காது போதும். எந்திரி சாமி, மாமா மோரு தாரேன்."

"மச்சான்!"னு கத்தினேன். "ரெண்டாவது பாதி இருக்குது! பாதி ஆட்டத்துல வெளிய எடுக்காதீங்க!"

டீமே சிரிச்சுது. எப்படியோ அடுத்த காதையும் குத்தி முடிச்சாங்க. உடனே தெய்வா ஒரு பெரிய ரோசாப்பூ மாலையை என் கையில குடுத்தா. மாமனுக்கு மரியாதை செய்யறது புள்ளையோட அப்பன்தான். அதுதான் முறை. நான் போட்டேன். பின்னால திரும்பினா பச்சமுத்தண்ணன் கிளப் பேனரை ரெண்டு பசங்களை விட்டுப் புடிக்க வெச்சிருக்காரு. ஃபோட்டோ எடுத்துட்டாங்க. பேனருக்கு முன்னாடி மச்சான் கழுத்துல நான் மாலை போடற ஃபோட்டோ, மாலை நல்லா விழறதுக்குள்ள கிளப் குரூப்புல போயிருச்சு. அடியில 'வாழ்த்துகள் மேனேஜர்'னு கோல்கீப்பர் எழுதியிருந்தான். கோல் போஸ்ட்டுல இந்தச் சுறுசுறுப்பைக் காட்டியிருந்தா நாங்க மேட்டூர் கப்பையே ஜெயிச்சிருப்போம்.

பந்தி ஆரம்பிச்சுது. விசேச ஊட்டுக்காரன் உக்காந்து சாப்பிடக் கூடாது, நின்னு பரிமாறணும். கமிட்டி முழுசும் எலை முன்னாடி, நான் மட்டும் ரசவாளியோட. எலும்பைக் கடிச்சுக்கிட்டே பச்சமுத்தண்ணன் எந்திரிச்சு நின்னாரு.

"சாப்பிட்டுக்கிட்டே கேளுங்கப்பா. நம்ம பூபதி ஒரு கூச்ச சுபாவி. மனசுல இருக்கறதை வாய்விட்டுக் கேக்க மாட்டான். ஆனா அவன் சம்சாரம் எங்கூட்டு ஜோதிகிட்ட எல்லாத்தையும் சொல்லிருச்சு. ஒரு வருசமா அந்தூட்ல அருணகிரி பேச்சைத் தவிர வேற பேச்சே இல்லியாம். காலையிலயும் அவரு பேச்சு, சாயங்காலமும் அவரு பேச்சு. அவரு மேனேஜரா இருந்த ஒவ்வொரு ஆட்டத்தையும் இவன் மனப்பாடமா ஒப்பிக்கறானாம்!"

அதுல ஒரு வார்த்தைகூடப் பொய் இல்ல. அதுதான் கொடுமை.

"மச்சானை மறுபடி மேனேஜராக்கிப் பார்க்கோணும்னு, கூட்டம் நடக்கற அதே நாளைத் தேடிப் புடிச்சு, மருமவ மாமன் மடியில உக்கார்ற நல்ல நேரத்துல பதவி ஏத்துக்கட்டும்னு, ரெண்டு கிடா வெட்டியிருக்கான். இந்தக் காலத்துல எவன்டா மச்சானுக்கு இதைச் செய்வான்? அருணகிரி, உனக்குச் சம்மதமா?"

மச்சான் மாலையோட எந்திரிச்சாரு. "என்ற மாப்ளைக்காக ஒத்துக்கறேனுங்க"ன்னு சொல்லிட்டு, மாலையைத் தூக்கிக் கண்ணைத் துடைச்சுக்கிட்டாரு.

"கமிட்டியில எதிர்ப்பு இருந்தா கை தூக்குங்க."

இதுதான் நேரம். இடது கையில வாளி. வலது கையில கரண்டி. கருப்பணசாமியை நினைச்சுக்கிட்டு வலது கையை விறுவிறுன்னு தலைக்கு மேல தூக்கினேன். கரண்டியோடதான்.

எதிர் வரிசையில இருந்த அத்தனை பேரும் எலையைக் கையால மூடிக்கிட்டாங்க.

"போதுங்க போதுங்க! எனக்கு வேண்டாமுங்க!"

"எனக்குச் சித்தெ தெளிவா ஊத்துங்க"ன்னு ஒருத்தர் எலையில குழி பண்ணினாரு.

"இல்லீங்க, நான் தூக்கறது வந்து..."ன்னு ஆரம்பிச்சேன்.

"ஏனுங்க!" பொம்பளைங்க வரிசையில இருந்து தெய்வா குரல். "அங்கயே நிக்காதீங்க, இந்தப் பக்கம் ரசமே வரலைங்க!"

கரண்டியை எறக்கினேன். பச்சமுத்தண்ணன் கை தட்டினாரு. ஒரு மனதா முடிஞ்சு போச்சு. சிவபிரகாஷ் மட்டும் எலையைப் பார்த்துக்கிட்டு உக்காந்திருந்தான். அவனைப் பார்க்க எனக்குப் பாவமா இருந்துச்சு.

மச்சான் ஓடி வந்து என்னைக் கட்டிப் புடிச்சாரு. ரசம் ரெண்டு பேரு மேலயும் கொட்டுச்சு. "மாப்ளே, அன்னைக்கே தெய்வா சொல்லிருச்சு. நான் நம்பல. என்ற தப்பை எடுத்துச் சொல்லிக்கிட்டே இருப்பீங்களே, அதெல்லாம் நான் திரும்பி வரோணுங்கற ஆதங்கமாமே! எனக்குப் புரியாமப் போச்சே மாப்ளே!"

"அதுக்கென்னங்க அண்ணா," தெய்வா பக்கத்துல வந்து நின்னா. "இனி தப்பே நடக்காது. உங்க கூடவே இருந்து பார்த்துச் சொல்ல இவரு இருக்காருல்லங்க. துணை மேனேஜர்னு ஒண்ணு போட்டுக்கலாமுங்களா பச்சமுத்தண்ணா?"

"பேஷா!"ன்னாரு தலைவர். அதுக்கும் எதிர்ப்பு கேட்டாங்க. அந்த நேரம் பார்த்துப் புள்ளை வந்து என் ரெண்டு கையிலயும் தொங்கிக்கிச்சு.

நிலைமையைப் புரிஞ்சுக்கங்க. இனி டீம் தோத்தா நான் மச்சானை ஒரு வார்த்தை சொல்ல முடியாது. ஊரு என்னைத்தான் கேக்கும். 'ரெண்டு கிடா வெட்டிக் கூட்டியாந்தியே, பார்த்தியா?'ன்னு கேக்கும். ஒரு வருசமா நான் பொத்திப் பொத்தி வளர்த்த குறையெல்லாம் இப்ப என் தலையில. தேங்காய் வெச்சுப் பார்க்கறப்ப பக்கத்துல நின்னு நான் மட்டை உரிச்சுக் குடுக்கணும்.

சாயங்காலம் அண்டாவை டெம்போவுல ஏத்தறப்ப அவளைத் தனியாப் புடிச்சேன்.

"தெய்வா, நிஜத்தைச் சொல்லு. உனக்கு எப்பத் தெரியும்?"

"எதுங்க?"

"நான் எதுக்கு இந்த நாளைக் குறிச்சேன்னு."

"ஜோதியக்கா கூட்டம் இன்ன தேதின்னு சொல்லீட்டுப் போச்சு. அது அக்கட்டால போறதுக்குள்ள நீங்க காலண்டரோட வந்து நின்னீங்க. நம்ம கல்யாணத்துக்கே நாள் மறந்து கேட்ட ஆளுங்க நீங்க."

"அதுக்கு? உங்கண்ணன் மேல பாசம் இருக்க வேண்டியதுதான். அதுக்காக ஒரு டீமையே பலி குடுக்கறதா? அவருக்கு மேனேஜர் வேலை வராது தெய்வா!"

"சுத்தமா வராதுங்க. சின்ன வயசுல நான் நொண்டி ஆடினாலே அண்ணன் வந்து, வேர்த்துருச்சு உக்காருன்னு கையைப் புடிச்சு இழுத்துட்டுப் போயிரும். ஒரு ஆட்டம் முழுசா ஆட விட்டது கெடையாது."

ஏத்தின அண்டாவை மறுபடியும் கீழ எறக்கி வெச்சேன்.

"தெரிஞ்சுமா இதைச் செஞ்சே?"

"ஏனுங்க, ஒரு வருசமா ஞாயித்துக்கிழமை ஆனா அது நம்மூட்ல வந்து உக்காந்துக்குது. நீங்க ஃபைனலைப் பேசறீங்க. அது பாறையை ஒடைக்குது. நான் ரெண்டு பேருக்கும் கறி வேக வெச்சு ஊத்திக்கிட்டே நிக்கறேன். அந்தப் பேச்சைப் பேசறதுக்குன்னு கிரவுண்டு ஒண்ணைக் கட்டி வெச்சிருக்காங்களல்லங்க?"

"சரி, உங்கண்ணனை அனுப்பிட்டே. என்னை எதுக்குத் துணை மேனேஜராக்கினே?"

"அண்ணன் மட்டும் போயிட்டா நீங்க ஊட்லயே இருப்பீங்களே."

பஸ்காரன் ஹாரன் அடிச்சான். ஜோதியக்கா ஜன்னலோரமா அவளுக்கு எடம் போட்டு வெச்சிருந்தாங்க. தெய்வா படியில ஒரு காலை வெச்சு, சேலையைச் சரி பண்ணிக்கிட்டே திரும்பினா.

"வர்ற ஞாயித்துக்கிழமை காலங்காத்தாலயே கிரவுண்டுல இருக்கோணுமாம், அண்ணன் சொல்லுச்சு. நான் எந்திரிக்க மாட்டேனுங்க. போறப்ப புள்ளையையும் கூட்டிட்டுப் போயிருங்க."